குழு தளத்துக்கு மெம்பர்களே கெஸ்ட்புக் செய்யுறாங்க, எப்படி வச்சா நிலைக்கும்?

விதைக்கூடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நாங்க நாட்டு விதை மாத்திக்கிற ஒரு சின்ன குழு, மொத்தம் 47 பேரு, கோபி சத்தி பக்கம் ஆரம்பிச்சு இப்ப கடலூர் வரைக்கும் ஆள் இருக்காங்க. வாட்ஸப்லயே ஓட்டிட்டு இருந்தோம். அங்க ஒருத்தர் வெண்டை முளைச்ச போட்டோ போட்டா பத்து நிமிஷத்துல குட்மார்னிங் படத்துக்கு அடியில போயிருது, ஆறு மாசம் கழிச்சு அந்த விதை யாருகிட்ட இருக்குன்னு தேடுனா கிடைக்கிறதே இல்ல. அதனால போன தை மாசம் நியோசிட்டீஸ்ல இலவசமா ஒரு தளம் ஆரம்பிச்சு ஆளுக்கு ஒரு பக்கம் குடுத்தோம். யாருக்கும் பெருசா கம்ப்யூட்டர் தெரியாது, ஆனா ஆசையா கத்துக்கிட்டாங்க.

இப்ப எல்லாருக்கும் அவங்கவங்க பக்கத்துல ஒரு கெஸ்ட்புக், அதாவது வந்து பாக்குறவங்க ரெண்டு வரி எழுதிட்டுப் போற புத்தகம், வேணுமாம், அதுவும் அவங்களே செஞ்சது. காலேஜ் கடைசி நாள்ல ஸ்லாம் புக் அலங்காரம் பண்ணுவோம்ல, அந்த மாதிரி. 68 வயசு அம்மா ஒருத்தங்க வாசல்ல புள்ளிக்கோலம் போட்டு மாடில இருந்து பேரனை விட்டு போட்டோ எடுக்கச் சொல்லி அதைத்தான் அட்டைப்படமா வச்சிருக்காங்க. இன்னொரு தம்பி அவரு தோட்டத்து அவரை கொடிய ஸ்கேன் பண்ணி நாலு பக்கமும் ஓரமா ஓட்டியிருக்காரு. பாக்கவே மனசு நிறைஞ்சு போச்சுங்க.

பிரச்சனை உள்ள எழுதுற பகுதிதான். ஒரு இலவச கெஸ்ட்புக் சேவைல கணக்கு தொடங்கி ஒட்டினோம். ஒன்பதே நாள்ல முப்பதுக்கு மேல சூதாட்ட விளம்பரம். அதுக்கு நடுவுல தாளவாடில இருந்து ஒருத்தர் "எங்க பாட்டி வச்சிருந்த குண்டு மொச்சை உங்ககிட்ட இருக்கா"ன்னு கேட்டிருக்காரு, அதை நான் பதினோராவது நாள்தான் பாத்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

நான் கேக்குறது இதுதான். எல்லாருக்கும் சேத்து ஒரே புத்தகமா, ஆளுக்கு ஒண்ணா? இந்த மாதிரி தளத்துல நம்மளே செய்ய முடியுமா, இல்ல வெளி சேவை கட்டாயமா? குப்பை வராம எப்படி பாத்துக்கிறது?

கோடுபோடுறவன் எழுதியது:

அக்கா, முதல்ல ஏன் வெளி சேவை தேவைப்படுதுன்னு சொல்லிடுறேன். நியோசிட்டீஸ் நீங்க ஏத்தி வச்ச ஃபைலை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான் அதோட வேலை. வர்றவங்க எழுதுறதை வாங்கி எழுதி வைக்காது, அதுக்கு வேண்டிய பிஎச்பி மாதிரி சர்வர் புரோகிராம் எல்லாம் அங்க ஓடாது. அந்தக் காலத்துல சொந்தமா சர்வர்ல இடம் வச்சிருந்தவங்க இதுக்கு பேர்ல்ங்கிற மொழில எழுதுன ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், போடுவாங்க. 1995ல மேட் ரைட்னு ஒருத்தர் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எழுதி இலவசமா குடுத்த கெஸ்ட்புக் ஸ்கிரிப்ட் ரொம்ப பிரபலம், நான் அதைப் படிச்சுதான் புரோகிராமே கத்துக்கிட்டேன். அது செய்யுற வேலை இவ்வளவுதான்: கெஸ்ட்புக் பக்கத்துல "பிகின்"னு ஒரு கமெண்ட் வரி இருக்கும், படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது, யாரு எழுதுனாலும் அந்த வரிக்குக் கீழ சொருகிட்டு பக்கத்தை திரும்ப சேமிச்சிரும். அதனால புதுசு எப்பவும் மேல வரும்.

இதை நீங்க கையாலயே செய்யலாம், அதைத்தான் நான் சொல்ல வர்றேன். ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்க. பேரு, ஊரு, சொல்ல வந்தது, மூணே கேள்வி. நாலாவதா "யாரோட புத்தகத்துக்கு"ன்னு பட்டியல்ல இருந்து பேரைத் தேர்ந்தெடுக்கிற ஒரு டிராப்டவுன். வர்ற பதில் எல்லாம் ஒரே கூகுள் ஷீட்ல அட்டவணையா விழும். வாரத்துக்கு ஒருநாள் யாராவது ஒருத்தர் ஷீட்டைத் திறந்து படிச்சு, நல்லதை எடுத்து அந்தந்த மெம்பரோட பக்கத்துல அந்த வரிக்குக் கீழ ஒட்டிடுங்க. ஃபார்ம்ல முன்கூட்டியே நிரப்புன லிங்க் எடுக்குற வசதி இருக்கு, அதால கோலம் போட்ட அம்மாவோட பக்கத்துல இருந்து அமுக்குனா அவங்க பேரே தேர்வு ஆகி திறக்கும். ஆக, புத்தகம் ஆளுக்கு ஒண்ணு, வாசல் மட்டும் ஒண்ணு.

குப்பை ஏன் வருதுன்னா உங்க மேல யாருக்கும் பகை இல்ல. லிங்க் எத்தனை இடத்துல இருக்கோ அவ்வளவு தேடல்ல மேல வரலாம்னு ஒரு காலத்துல ஆரம்பிச்சது. 2005 ஜனவரில கூகுள் நோஃபாலோன்னு ஒரு அடையாளம் கொண்டு வந்துச்சு, அதைப் போட்ட லிங்குக்கு மதிப்பு சேராது. ஆனா இந்த ஸ்பேம் குப்பையைக் கொட்டுறது மனுஷன் இல்லையே, புரோகிராம், அது எதையும் பாத்துட்டு கொட்டுறதில்ல. ஃபார்ம்ல ஒரு சின்னக் கேள்வி வைங்க, "அவரை எதுல படரும்" மாதிரி, பதில்ல "பந்தல்"ங்கிற சொல் இருந்தாத்தான் ஏத்துக்கணும்னு விதி போடலாம், அதுக்கு ஃபார்ம்லயே இடம் இருக்கு. முக்காவாசி அங்கயே நின்னுரும். மிச்சத்தை கண்ணால பாத்து விட்டுடலாம், ஷீட்ல கிடந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல.

இன்னொண்ணு, இது முக்கியம். மெம்பர்கள் அவங்க புத்தகத்தை எப்படி வேணா அலங்கரிக்கட்டும், ஆனா விருந்தாளி எழுதுறது வெறும் எழுத்தா மட்டும் உள்ள போகணும். கோண அடைப்புக்குறி (< >) இருந்தா பிரவுசர் அதை எழுத்தா பாக்காது, கட்டளையா எடுத்துக்கும். 2005 அக்டோபர்ல, அப்ப ஃபேஸ்புக் மாதிரி இருந்த மைஸ்பேஸ்ல சாமி கம்கார்னு ஒருத்தர் தன்னோட ப்ரொஃபைல்ல ஒரு சின்ன கோடை ஒளிச்சு வச்சாரு. அதைப் பாத்தவங்க எல்லாம் தெரியாமயே அவரை ஃப்ரெண்டா சேத்துக்கிட்டாங்க, அந்தக் கோடும் அவங்க ப்ரொஃபைல்ல ஒட்டிக்கிச்சு, ஒரு நாள் முடியறதுக்குள்ள 10 லட்சம் பேரைத் தாண்டிருச்சு. கையால ஒட்டும்போது இதைக் கவனிக்கிறது சுலபம், அந்தக் குறிய எடுத்துட்டு ஒட்டுங்க.

மாடித்தோட்டம்_மணி எழுதியது:

47 பேருக்கும் கையால ஒட்டுறதா? நடக்கிற காரியமா ப்ரோ? ரெண்டு வாரம் பண்ணுவாங்க, மூணாவது வாரம் விட்டுருவாங்க. ஏதாவது ஸ்கிரிப்ட் வச்சு தானா வர்ற மாதிரி பண்ணலாமே.

கோடுபோடுறவன் எழுதியது:

பண்ணலாம் மணி. ஆனா அக்காவோட தளத்துக்கு வாரத்துக்கு எத்தனை பேர் எழுதுவாங்க, அஞ்சு, மிஞ்சிப்போனா பத்து. அதை ஒருத்தர் உக்காந்து படிச்சு ஒட்டினா தாளவாடிக்காரர் கேள்வி பதினோரு நாள் கிடக்காது. தானா வர்றதுல யாரும் படிக்கிறதில்லங்கிறதுதான் அங்க நடந்தது. முறை வச்சு மாத்திக்கங்க, மாசத்துக்கு ஒருத்தர்.

வடமராட்சிக்காரன் எழுதியது:

தங்கச்சி, உங்கட பதிவைப் பாத்திட்டு எழுதாமல் இருக்க முடியேல்ல.

நான் 99ல கனடாவுக்கு வந்து கொஞ்ச நாளில ஜியோசிட்டீஸில எங்கட ஊருக்கு எண்டு ஒரு பக்கம் செய்தனான். இப்பத்தையப் பிள்ளையளுக்கு அது தெரியாது. ஆரும் இலவசமா சொந்தப் பக்கம் வைக்கிற தளம், 94ல டேவிட் போனெட் எண்டவர் தொடங்கினது, அதில எல்லாம் அக்கம்பக்கம் மாதிரிப் பிரிச்சு வச்சிருந்தவை. கம்ப்யூட்டர்காரருக்கு சிலிக்கன்வேலி, சினிமாக்காரருக்கு ஹாலிவுட், ஆளுக்கொரு வீட்டு இலக்கம். அந்த வீட்டில சொந்த ஸ்கிரிப்ட் ஓட விடமாட்டினம், அதால கெஸ்ட்புக்கை வேற ஒரு இலவச சேவையில எடுத்து லிங்க் குடுத்தனான், உங்களை மாதிரித்தான்.

தமிழில எழுத அப்ப பாமினி எழுத்துரு. வணக்கம் எண்டு வரவேணும் எண்டால் இங்கிலிஷ் கீபோர்டில டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி எண்டு அடிக்கவேணும். எழுத்துரு இல்லாத ஆள் திறந்தால் அந்த இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். அதால பக்கத்துக்கு மேலயே "முதல்ல பாமினியை இறக்குங்கோ" எண்டு எழுதி வச்சிருந்தனான். அப்பிடி இருந்தும் சனம் எழுதினது. நோர்வேயில இருந்து, சுவிஸில இருந்து, பாரிஸில இருந்து. ஒருத்தர் "எங்கட வீட்டு முன் கிணத்தில இன்னும் தண்ணி இருக்கோ, ஆராவது பாத்தனியளோ" எண்டு கேட்டிருந்தவர். அதுக்குக் கீழ இன்னொருத்தர் "இருக்கு, போன மாசம் அள்ளிக் குளிச்சனான்" எண்டு பதில் போட்டவர். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முன்பின் தெரியாதவை.

ஜியோசிட்டீஸை 99ல யாஹூ வாங்கினது, 2009 அக்டோபர் 26ல மூடிப்போட்டினம். மூட முதல் ஆர்க்கைவ் டீம் எண்ட தொண்டர் கூட்டம் ராப்பகலா ஏலுமானதை இறக்கி வச்சு அடுத்த வருஷம் ஆரும் இறக்கக்கூடிய மாதிரி டொரண்ட் ஃபைலா விட்டவை. என்ட பக்கம் அதில இருக்கு, படங்கள் கூட இருக்கு. ஆனா கெஸ்ட்புக் எண்டுறதை அமத்தினால் ஒண்டுமில்லை. அது இருந்தது வேற வீட்டில. அந்தச் சேவை அதுக்கு முதலே சொல்லாமல் கொள்ளாமல் நிண்டு போச்சு, நானும் கவனிக்கேல்ல. நான் எழுதினது எல்லாம் இருக்கு, சனம் எனக்கு எழுதினது ஒண்டும் இல்லை.

ரெண்டே ரெண்டு தாள் இருக்கு. அப்பாவுக்கு ஸ்கிரீனில வாசிக்க கண் ஏலாது எண்டு ஒருக்கா பிரிண்ட் எடுத்துக் குடுத்தனான், அதை அவர் தன்ர பைபிளுக்குள்ள மடிச்சு வச்சிருந்தவர். அந்தக் கிணத்துக் கதை அதில இருக்கிறபடியால்தான் எனக்கு இண்டைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம்.

தம்பி சொன்ன மாதிரியே செய்யுங்கோ, எழுதினது உங்கட ஃபைலுக்குள்ள இருக்கட்டும். அந்த ஷீட்டையும் இடைக்கிடை இறக்கி வையுங்கோ. பக்கத்தை யுடிஎஃப்-8 எண்ட பொதுவான எழுத்துக் குறிமுறையில சேமியுங்கோ, மேலயும் அதைக் குறிச்சு விடுங்கோ, பிறகு எந்த எழுத்துருவும் ஆரையும் இறக்கச் சொல்லத் தேவையில்லை. ஆராவது பழைய ஆள் பாமினியில அடிச்சு அனுப்பினால் எறிஞ்சு போடாதேங்கோ, மாத்திக் குடுக்க இணையத்திலயே மாற்றிகள் இருக்கு.

கிளைநூலகம் எழுதியது:

நான் 26 வருஷம் நூலகத்துல வேலை பாத்து ரிட்டையர் ஆனவ. கம்ப்யூட்டர் விஷயம் தம்பிங்க சொல்லிட்டாங்க, நான் நோட்டு விஷயம் சொல்றேன்.

வாசல்ல பார்வையாளர் பதிவேடு வச்சிருப்போம். புது நோட்டு போட்டா மொத நாள் ஒருத்தரும் கருத்து எழுத மாட்டாங்க. வெறும் பக்கத்தைப் பாத்தா எல்லாருக்கும் கூச்சம். தினம் காலைல பேப்பர் படிக்க வர்ற ஒரு தாத்தாகிட்டதான் மொத வரிய வாங்குவேன். அவரு "ஃபேன் சத்தம் ஜாஸ்தி, சரி பண்ணவும்"னு எழுதுவாரு. அதுக்கப்புறம் மளமளன்னு நிறையும். பாராட்டா ஆரம்பிச்ச நோட்டுல அடுத்தவங்களும் "மிக நன்று"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிருவாங்க. ஒரு விஷயமா ஆரம்பிச்சா விஷயமா வரும். உங்க ஒவ்வொரு புத்தகத்துலயும் வேற ஒரு மெம்பரை விட்டு மொத வரி எழுதச் சொல்லுங்க, கேள்வியா இருக்கட்டும்.

ஊர் கட்டத்தை எந்தக் காரணத்துக்கும் எடுத்துடாதீங்க. பேரைப் பாத்துட்டு கடந்து போறவங்க ஊரைப் பாத்ததும் நிப்பாங்க, "அட நம்ம அந்தியூரா"ன்னு. பேச்சு அங்கதான் தொடங்கும். போன் நம்பர், ஈமெயில் மட்டும் வெளிய காட்டாதீங்க. எங்க நோட்டுல முகவரி கட்டம் ஒண்ணு இருந்துச்சு, ஒரு பொண்ணு எழுதி வச்ச முகவரிய பாத்து எவனோ லெட்டர் போட்டுட்டான். அன்னைக்கே அந்தக் கட்டத்தை ஸ்கேல் வச்சு அடிச்சிட்டேன்.

அந்தக் கோலம் போட்ட அம்மாவ நான் பாக்கணும் போல இருக்கு.

விதைக்கூடை எழுதியது:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, நடவு வேலை.

ஃபார்ம் போட்டாச்சு, பந்தல் கேள்வியும் வச்சாச்சு. ஆனா ஒரு தப்பு நடந்துச்சு. எங்க பக்கத்து ஆளுங்க சிலர் "கொடி"ன்னும் "வேலில"ன்னும் எழுதி உள்ள போக முடியாம திரும்பிட்டாங்க, போன் பண்ணி சொன்னப்பதான் தெரிஞ்சுது. அவரை வேலிலயும் படரும்தானே, அவங்க சொன்னது சரிதான். இப்ப மூணையும் ஏத்துக்கிற மாதிரி மாத்திட்டோம். இதுவரைக்கும் விளம்பரம் ரெண்டே ரெண்டுதான் உள்ள வந்துச்சு, ஷீட்லயே நிறுத்திட்டோம்.

முறை வச்சிருக்கோம், இந்த மாசம் அவரைக் கொடி தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உக்காந்து ஒட்டுறாரு, ஒட்டி முடிச்சதும் ஷீட்டை இறக்கி ஒரு பென்டிரைவ்ல போடுறாரு. எக்செல்ல திறந்தப்ப தமிழ் எல்லாம் கிறுக்கலா தெரிஞ்சு பயந்துட்டோம். நோட்பேட்ல திறந்தா சரியா இருக்கு, எழுத்து எதுவும் போகல.

கிளைநூலகம் அம்மா, நீங்க சொன்னபடி மொத வரி கேள்வியா எழுத வச்சோம். கோலம் அம்மா புத்தகத்துல நான்தான் எழுதுனேன், "உங்ககிட்ட இருக்கிற வரிக்கத்திரி காய் சீக்கிரம் கசக்குமா"ன்னு. அதுக்குக் கீழ ஆறு பேரு சண்டை போட்டுட்டு இருக்காங்க, ஒருத்தரு நெய்வேலில இருந்து.

வடமராட்சி அண்ணா, உங்க பதிவை குழுல வாசிச்சுக் காட்டினேன். கோலம் அம்மா மறுநாளே பேரனை விட்டு அவங்க புத்தகத்தை பிரிண்ட் எடுக்க வச்சுட்டாங்க. இப்போதைக்கு நாலு பக்கம் இருக்கு, விதை டப்பா வச்சிருக்கிற பீரோல வச்சிருக்காங்க.

தாளவாடிக்காரருக்கு குண்டு மொச்சை கிடைச்சிருச்சு. கடலூர் மெம்பர் ஒருத்தர் வச்சிருந்தாரு, கால் கிலோ பார்சல் போட்டுட்டாரு.

வடமராட்சிக்காரன் எழுதியது:

சந்தோசம் தங்கச்சி. ஃபார்ம் லிங்கை இஞ்ச போட்டு விடுங்கோ, அந்த அம்மான்ர புத்தகத்தில எனக்கும் ஒரு வரி எழுதவேணும். ஊர் கட்டத்தில பருத்தித்துறை எண்டே போடுறன்.