வரிசையின்ர கடைசியில

பழைய ஃபோனை மாத்தேக்கை எடுத்து வைச்ச குடும்பக் குழு உரையாடல் இது. ஆக்களின்ர பேரை விட்டிட்டு, ஃபோனில சேமிச்சு வைச்ச மாதிரியே ஊரும் முறையும் போட்டிருக்கிறன். ஈஸ்ட்ஹாமும் ஹரோவும் லண்டனில, லெஸ்டரும் இங்கிலாந்திலதான். 2016 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை பின்னேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில இருக்கிறதோ விலகிறதோ எண்டு பிரித்தானியாவில வாக்கெடுப்பு வர இருந்த நேரம்.

5.52 ஈஸ்ட்ஹாம் மாமா: ரீவி பாத்தியளோ? ஒபாமா வந்து பிரதமர் கமரோனுக்குப் பக்கத்தில நிண்டு வெருட்டுறான். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால் அமெரிக்காவோட வியாபார ஒப்பந்தத்துக்கு நாங்கள் வரிசையின்ர கடைசியில நிக்கவேணுமாம்.

5.55 ஹரோ சித்தி: வெருட்டேல்லை அண்ணை. கேட்டதுக்குப் பதில் சொன்னவர். ஐரோப்பா மாதிரிப் பெரிய கூட்டத்தோட ஒப்பந்தத்தை முடிக்கிறதுதான் தங்களுக்கு முதல் வேலை எண்டு சொன்னவர். உள்ளதைத்தானே சொன்னார்.

5.56 ஈஸ்ட்ஹாம் மாமா: அவன் ‘கியூ’ எண்டு சொன்னதைக் கவனிச்சனியோ? வரிசைக்கு அமெரிக்கன் ‘லைன்’ எண்டெல்லோ சொல்லுவான். உது கமரோன்ர ஆக்கள் எழுதிக் குடுத்தது.

5.56 தங்கச்சி: மாமா, ட்விற்றர் முழுக்க உந்தக் கதைதான் 😂

6.03 ரொறன்ரோ அத்தான்: இஞ்ச இருந்து ஒண்டு சொல்லுறன். வெளிய போய் கனடா மாதிரி ஒப்பந்தம் போடலாம் எண்டு, விலகச் சொல்லுற பொரிஸ் ஜோன்சன் சொல்லித் திரியிறார். கனடா ஐரோப்பாவோட பேசத் தொடங்கினது 2009 இல. இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. வரிசையில முன்னுக்கு நிண்ட எங்களுக்கே ஏழு வருசம்.

6.05 ஈஸ்ட்ஹாம் மாமா: நீ உன்ர எல்லையை அமெரிக்காவுக்குத் திறந்து விட்டிருக்கிறியோ? அமெரிக்கா மெக்சிக்கோக்காரனை விசா இல்லாமல் வந்து வேலை செய்ய விடுமோ? தான் செய்யாததை எங்களைச் செய்யச் சொல்லுறான். அதுதான் எனக்குப் பத்துது.

6.06 ரொறன்ரோ அத்தான்: அது ஞாயம்தான் மாமா.

6.09 ஈஸ்ட்ஹாம் மாமா: கடையில வந்து நிண்டு பாருங்கோ. 2014 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியத்தை நடத்துற பிரசல்ஸ்காரன் இந்தியாவில இருந்து வாற பாவக்காய், புடலங்காய், கத்தரிக்காய், மாம்பழம் எல்லாத்தையும் நிப்பாட்டினான். பூச்சி கண்டவையாம். மாம்பழத்தை மட்டும் அடுத்த வருசம் திருப்பி விட்டாங்கள். அந்தக் கோடை முழுக்கச் சனம் வெறும் தட்டைப் பாத்திட்டு என்னைத்தான் பேசிச்சுது. லண்டனில நான் பாவக்காய் விக்கிறதை பெல்ஜியத்தில இருக்கிறவன் முடிவெடுக்கிறதோ?

6.11 ஹரோ சித்தி: பூச்சியெண்டால் லண்டன்காரனும் நிப்பாட்டத்தான் செய்வான்.

6.12 ஈஸ்ட்ஹாம் மாமா: போலந்துக்காரன் ஒன்றியத்து ஆள் எண்டபடியால் ரிக்கெற்றை எடுத்து வந்து இறங்கலாம். என்ர மருமகளைக் கூப்பிட என்ர பெடியன் வருசம் 18,600 பவுண் உழைச்சுக் காட்டவேணும். ரெண்டு வருசம் ரெண்டு வேலை செய்தவன், உங்களுக்குத் தெரியும்தானே.

6.14 ஹரோ சித்தி: அந்தச் சட்டம் 2012 இல எங்கட உள்துறை அமைச்சர் தெரேசா மே கொண்டுவந்தது. பிரசல்சுக்கும் அதுக்கும் என்ன? ஐரோப்பாக்காரனைத் துரத்தினால் உங்கட மருமகளுக்குக் கதவு திறப்பினம் எண்டு ஆர் சொன்னது?

6.20 தங்கச்சி: இண்டையான் ‘சன்’ பேப்பரில பொரிஸ் எழுதினதைப் பாத்தனீங்களோ? ஒபாமா ஒரு பக்கம் கென்யாக்காரன், அதாலதான் பிரிட்டிஷ் சாம்ராச்சியத்தைப் பிடிக்காதாம். சேர்ச்சிலின்ர சிலையை அறையில இருந்து எடுத்துப் போட்டாராம். ஒபாமா வடிவாப் பதில் சொன்னவர். தன்ர வீட்டு அறை வாசலில சேர்ச்சில் இருக்கிறார், ஒவ்வொரு நாளும் பாக்கிறன் எண்டு. ஒரு சனாதிபதியையே அப்பிடி எழுதுறவை எங்களை என்ன எண்டு எழுதுவினம் மாமா?

6.22 ஈஸ்ட்ஹாம் மாமா: அது பிழை. நான் பொரிசுக்கு வக்காலத்து வாங்கேல்லை. ஆனால் பக்கத்து நாட்டுக்காரன் ‘உங்கட நன்மைக்குத்தான்’ எண்டு வந்தால் என்ன நடக்கும் எண்டு 87 இல யாழ்ப்பாணத்தில இருந்த எனக்குத் தெரியும்.

6.24 தங்கச்சி: அப்ப 2009 இல? சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில நிக்கேக்கை எனக்குப் பத்து வயசு. நீங்கள் என்ர கையில தந்த மட்டையில ஒபாமாவின்ர பேர்தானே இருந்தது. மழையில மை கரைஞ்சு என்ர ஜக்கெற் எல்லாம் நீலம். அப்ப வெளிநாட்டுத் தலைவர் வாய் திறக்கவேணும், இப்ப திறக்கக்கூடாதோ?

(இதுக்குப் பிறகு 26 நிமிசம் ஒருதரும் எழுதேல்லை. மாமா எழுதுறதும் அழிக்கிறதும் மட்டும் மேல தெரிஞ்சுகொண்டிருந்தது.)

6.50 ஈஸ்ட்ஹாம் மாமா: திறந்தவன் பிள்ளை. மே 13. வெள்ளை மாளிகைப் புல்லில நிண்டு, ஷெல் அடியை நிப்பாட்டுங்கோ எண்டு அரசாங்கத்துக்கும் சனத்தை விடுங்கோ எண்டு மற்றப் பக்கத்துக்கும் சொன்னவன். நாங்கள் சதுக்கத்தில கட்டிப்பிடிச்சு அழுதனாங்கள். 18 ஆம் திகதி எல்லாம் முடிஞ்சுது. அண்டைக்கு விட்டனான் உவையின்ர பேச்சைக் கணக்கெடுக்கிறதை.

6.52 ஹரோ சித்தி: அண்ணை, கடையைப் பூட்டிப்போட்டு இஞ்சால வாங்கோ. இடியப்பம் கிடக்கு.

7.04 லெஸ்டர் அண்ணை: வேலையால இப்பதான் வந்து எல்லாத்தையும் வாசிச்சனான். நான் ஒண்டு கேக்கவோ? எனக்கு ஒல்லாந்துப் பாஸ்போட். இஞ்ச வந்து எட்டு வருசம், வரி கட்டுறன், பிள்ளையள் இஞ்ச பள்ளிக்கூடம். இந்த வோட் எனக்கு இல்லை. போன செப்டம்பர் இந்தியாவில இருந்து படிக்க வந்து எங்கட மேல் அறையில இருக்கிற பெடியனுக்கு இருக்கு. இந்தியா பொதுநலவாய நாடாம், அதாலயாம்.

7.05 ரொறன்ரோ அத்தான்: உண்மையோ?

7.05 லெஸ்டர் அண்ணை: உண்மை. ஒபாமா சொல்லுற வரிசையை விடுங்கோ, நான் வரிசையிலயே இல்லை.

7.08 ஈஸ்ட்ஹாம் மாமா: தம்பி, உன்னை நினைச்சு நான் கதைக்கேல்லை.

7.08 லெஸ்டர் அண்ணை: தெரியும் மாமா.

7.15 தங்கச்சி: அம்மம்மா பக்கத்தில இருக்கிறா. அவ சொல்லச் சொல்ல எழுதுறன்: “ராணிக்கு நேற்றுத் தொண்ணூறாம். அவவின்ர மனுசன் 94 வயசில ஒபாமாவை ஏத்திக்கொண்டு கார் ஓடினவராம். என்னைப் படியால தனிய இறங்கவும் விடுறியள் இல்லை.”

7.17 தங்கச்சி: இன்னும் சொல்லுறா: “ஒல்லாந்துப் புத்தகம் வைச்சிருக்கிற என்ர பேரனுக்கு வோட் இல்லை, சிலோன் புத்தகம் வைச்சிருக்கிற எனக்கு இருக்கோ? உதென்ன ஞாயம்? சரி, எதுக்குக் கீறினால் அவனுக்கு வசதி எண்டு கேட்டுச் சொல்லு.”

7.18 ஈஸ்ட்ஹாம் மாமா: அம்மா! நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினது?

7.19 தங்கச்சி: “நீ கடையைப் பூட்டிப்போட்டுச் சாப்பிட வா” எண்டுறா.

7.21 ஈஸ்ட்ஹாம் மாமா: வாறன். முதல்ல அம்மாவின்ர பேர் வாக்காளர் இடாப்பில கிடக்கோ எண்டு பாருங்கோ. ஜூன் 7க்குள்ள பதியவேணும்.

7.22 ஹரோ சித்தி: கிடக்கு. போன வருசத் தேர்தலிலயும் போட்டவ.

7.22 ஈஸ்ட்ஹாம் மாமா: ஆருக்கு?

7.24 ஹரோ சித்தி: சொல்லமாட்டாவாம்.