இம்ப்ளாண்ட் பல்செட் போட்டவங்க எப்படி மெல்றாங்க? அனுபவம் சொல்லுங்க

காசிமேடு:
அம்மாவுக்கு 68 வயசு. கீழ்த்தாடை எலும்புல ரெண்டு ஸ்க்ரூ (அதான் இம்ப்ளாண்ட்) வச்சு அதுமேல பட்டன் மாதிரி அழுத்தி மாட்டுற செட்டு, மேலே சாதா செட்டு. எலும்பு பிடிக்க மூணு மாசம், அதுவரைக்கும் குழைஞ்ச சோறுதான். மாட்டின முதல் ஞாயிறு கடம்பா (கணவாய்) வறுவல் கேட்டாங்க. முப்பது வருஷம் மீன் வித்தவங்க, பல்லு போனதிலிருந்து கடம்பாவைத் தொடல. ஒரு வளையத்தை வலப்பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடிட்டு மென்னாங்க. செட்டு துளியும் அசையல. எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்து சங்கரா குழம்பு. பாதி சோத்துல கை நின்னுடுச்சு. தொண்டையில முள்ளு. முன்னெல்லாம் பேசிக்கிட்டே முள்ளைப் பிரிச்சு உதட்டோரம் தள்ளிடுவாங்க. "பல்லுக்கு முள்ளு தெரியலடா"ன்னாங்க. அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

பெரம்பூர்:
இம்ப்ளாண்ட்டைக் குறை சொல்லாதீங்க. மேல் செட்டு அண்ணத்தை மூடிடுது, முள்ளு எப்படித் தெரியும்? எங்கப்பாவுக்கு சாதா கீழ்செட்டு நாக்கு அசைஞ்சாலே எழும்பும், இட்லிக்கே தண்ணி குடிப்பார். ஸ்க்ரூ வச்சப்புறம் நல்லி எலும்போட உட்கார்ந்தார். கீழ்ப்பல் மொத்தமும் போனவங்களுக்கு ரெண்டு இம்ப்ளாண்ட் செட்டுதான் முதல் தேர்வுன்னு 2002லயே மான்ட்ரியால்ல நிபுணர்கள் கூடிச் சொல்லிட்டாங்க.

தண்டையார்பேட்டை:
பெரம்பூர் அண்ணா, பாதிதான் சரி. சொந்தப் பல் வேரைச் சுத்தி மெல்லிசா ஒரு நார் இருக்கு, வாயில ஒரு முடி சிக்கினாலும் சொல்லிடும். இம்ப்ளாண்ட் நேரா எலும்போட ஒட்டிக்குது, அந்த நார் கிடையாது. எனக்கும் அப்படித்தான். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டப்போ அதுல போடுற மொறுமொறு பேஜோ நொறுங்குற சத்தம் காதுக்குக் கேட்டுச்சு, பல்லுக்குத் தெரியல. அழுதுட்டேன்.

திருவொற்றியூர்:
கல்யாண வீட்ல கடலை உருண்டை கடிச்சேன், கீழ்செட்டு அதோட வந்துடுச்சு. செட்டுக்குள்ளே ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிற நைலான் வளையம் தேஞ்சிருந்துச்சாம். எல்லாரும் கேட்டுக்கோங்க. செட்டு லூஸானா உடனே வளையத்தை மாத்துங்க, சின்ன வேலைதான். முன்பல்லால கடிச்சு இழுக்காதீங்க, பின்னாடி தூக்கும். துண்டு போட்டு ரெண்டு பக்கமும் சமமா மெல்லுங்க. ராத்திரி கழட்டித் தண்ணியில போடுங்க. ஸ்க்ரூவைச் சுத்தி மெதுவான பிரஷ்ஷால தேய்க்கணும், அழுக்கு சேர்ந்தா ஈறு வீங்கி எலும்பே கரையும். வருஷம் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. காசிமேடு தம்பி, அம்மாவுக்கு வஞ்சிரம் வாங்கிக் கொடுங்க, முள்ளு கம்மி.

காசிமேடு:
வஞ்சிரம் வாங்கிட்டு வந்தேன் அக்கா. "சங்கரா இல்லையா?"ன்னு கேட்டாங்க. மறுநாள் சங்கராவே வாங்கினேன். நான் முள்ளு எடுக்கப் போனப்போ தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு வாயையும் ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்த்துட்டுத்தான் சாப்பிட்டாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு.