50 பேருக்கு ஜம்பலாயா: ஊரிலிருந்து கொண்டுவந்த தேக்சா உதவுமா?

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜுக்குக் குடிவந்து நாலு மாதம்தான் ஆகிறது என்று எழுதிய தம்பிக்கு இந்தப் பதில். ஆபீஸ்காரர்களின் டெயில்கேட்டுக்கு, அதாவது ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்துக் கார் நிறுத்துமிடத்தில் போடுகிற விருந்துக்கு, "ஜம்பலாயா நான் செய்கிறேன்" என்று கை தூக்கிவிட்டீர்கள். இறைச்சியும் அரிசியும் ஒரே பாத்திரத்தில் வேகிற இந்த ஊர்ச் சோறுதான் ஜம்பலாயா. 50 பேர். பிரியாணி போட்டுப் பழகிய கை, ஊரிலிருந்து வந்த அலுமினியத் தேக்சா ஒன்று இருக்கிறது, போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. கொள்ளளவைச் சொல்லவில்லை, அடியைச் சொல்கிறேன்.

நானும் இதே மாதிரி கை தூக்கியவன்தான். வந்த முதல் வருஷம், பக்கத்து வீட்டில் நண்டு மாதிரி ஒன்றை, அதாவது கிராஃபிஷ், அவிக்கிற பெரிய அலுமினியப் பானையைக் கடன் வாங்கினேன். 60 குவார்ட், கிட்டத்தட்ட 57 லிட்டர். பார்க்கவே கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்கும். உயரம், ஆனால் தகடு மெல்லிசு. அடுப்பு பற்றி எரிய, கோழி சிவப்பதற்குள் அடி கருத்துவிட்டது. அரிசி போட்டு மூடிய பிறகு ஐந்தாவது நிமிஷம் ஒரு வாசனை வந்தது. சமைக்கிற யாருக்கும் அது என்ன வாசனை என்று தெரியும். திறந்தால் கீழே காந்தல், நடுவில் களி, மேலே அரிசி. அன்றைக்கு எல்லாரும் பீட்சா சாப்பிட்டார்கள். நான் மறுநாள் வரை அந்தப் பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

எங்கே தப்பு நடந்தது என்று அப்புறம் யோசித்ததில் புரிந்தது. பிரியாணி கணக்கை வைத்து ஜம்பலாயாவைப் பார்த்ததுதான் தப்பு. ஆம்பூர் பக்கம் செய்வது போல அரிசியைத் தனியாக முக்கால் வேக்காட்டில் வடித்து மசாலாவில் சேர்த்துத் தம் போடும்போது, பாத்திரத்துக்குப் பாதி வேலை ஏற்கெனவே மிச்சம். இங்கே அப்படி இல்லை. ஒரே பாத்திரத்தில் முதலில் இறைச்சியை நல்ல சூட்டில் வறுக்க வேண்டும். அது அடியில் பழுப்பாக ஒட்ட வேண்டும், ஒட்டியது கருகக் கூடாது. அதன் மேல் வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் கொட்டி, அந்த ஈரத்திலேயே ஒட்டியதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் தண்ணீர், கொதி, அதில் வேகாத அரிசி, மூடி, சிறு தீ. வறுவல், கொதி, தம் என்று மூன்று வேலை, நடுவில் பாத்திரம் மாற்ற முடியாது.

இந்தப் பக்கத்துக் கேஜன், அதாவது லூசியானா நாட்டுப்புறத்துப் பிரெஞ்சு வழியினரின் ஜம்பலாயாவில் தக்காளி கிடையாது. அந்தப் பழுப்பு நிறம் முழுக்க அடியில் ஒட்டிய வறுவலிலிருந்து வருவது. அடி மெல்லிசாக இருந்தால் ஒன்று நிறம் வராது, இல்லை கருகும். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பாணியான கிரியோல் வகை சிவப்பு. அதில் தக்காளி உண்டு.

ஆகவே வார்ப்பு இரும்பு. கனமான இரும்பு மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை விடாது. 15 பவுண்டு குளிர்ந்த கோழியைக் கொட்டினால் மெல்லிய பானை உடனே சூடு இறங்கி, கோழி தன் தண்ணீரிலேயே வேக ஆரம்பித்துவிடும். இரும்பு தாக்குப்பிடித்து வறுக்கும். கடைசியில் தீயைக் குறைத்த பிறகு, உள்ளே இருக்கிற சூட்டிலேயே சோறு நிதானமாக வெந்து முடியும்.

உலோகத்துக்கு அடுத்து வடிவம். இங்கே ஜம்பலாயா பானை என்றே தனியாக விற்கிறார்கள். அடி நம் வாணலி போல உருண்டை, உயரத்தைவிட அகலம் அதிகம். உருண்டை அடியில் மூலை கிடையாது, துடுப்பு எல்லா இடத்துக்கும் போகும். தட்டை அடிப் பானையில் சுவரும் அடியும் சேருகிற மூலையில்தான் முதலில் தீயும். உயரமான பானையில் இன்னொரு வம்பு: மேலே இருக்கிற சோற்றின் பாரத்தில் கீழே இருப்பது குழைந்துவிடும்.

நேரில் பார்க்க வேண்டுமானால் கான்சாலஸுக்குப் போங்கள், பேட்டன் ரூஜிலிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணம். 1968-ல் அப்போதைய கவர்னர் ஜான் மெக்கீதன் அந்த ஊரை "உலகத்தின் ஜம்பலாயா தலைநகரம்" என்று அறிவித்தார். மே மாதக் கடைசியில் அங்கே நடக்கிற திருவிழாப் போட்டியில், விறகு மூட்டி, வரிசையாக இரும்புப் பானை வைத்துக் கிண்டுவார்கள். சமையல் குறிப்பு கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். பானையைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

இப்போது அளவு. இங்கே காலன் கணக்கு. ஒரு காலன் 3.8 லிட்டர். நான் வைத்திருக்கிற கணக்கு, பானையில் ஒரு காலனுக்கு அதிகபட்சம் ஒரு பவுண்டு அரிசி. ஒரு பவுண்டு அரிசியும் அதற்கு இரண்டு பவுண்டு இறைச்சியும் சேர்ந்தால், பக்கத்தில் வெள்ளை பீன்ஸும் பிரெட்டும் இருக்கும்போது 6 பேருக்குக் காணும். உங்கள் 50 பேருக்கு 8 பவுண்டு அரிசி, 16 பவுண்டு இறைச்சி, 4 பவுண்டு வெங்காயம். அரிசி வெந்து மூன்று மடங்கு ஆகும். எல்லாம் சேர்ந்து 6 காலனைத் தொடும். 8 காலன் பானை போதுமே என்று தோன்றும். ஆனால் அரிசி போட்ட பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒரு தடவை அடிச் சோற்றை மேலே புரட்டிவிட வேண்டும்; விளிம்பு வரை நிரம்பியிருந்தால் புரட்டுவது எங்கே, பாதி தரையில் கிடக்கும். 10 காலன் எடுங்கள்.

அதற்காக 20 காலனுக்குத் தாவாதீர்கள். "வாங்குவதை பெரிசாகவே வாங்கிவிடுவோம்" என்கிற நம் புத்தி இங்கே காலை வாரும். பெரிய பானையில் 5 பவுண்டு அரிசி போட்டால் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் சீக்கிரம் வற்றி, நடுவில் அரிசியாகவே நிற்கும்.

ஹூஸ்டனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: அபார்ட்மெண்ட், 20 பேர்தான், இவ்வளவு பெரிய இரும்பு எதற்கு? வேண்டாம்மா. 8 குவார்ட் டச் அவன், அதாவது மூடி போட்ட கனமான வார்ப்பு இரும்புப் பாத்திரம், இரண்டு எடுத்து ஒவ்வொன்றிலும் 2 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அரிசி போடுங்கள். அடுப்பில் வறுத்து, அரிசி கொதி வந்ததும் மூடி ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டால் அடிப்பிடிக்கிற பயமே இல்லை. எனாமல் பூசியதாக இருந்தால் தக்காளி போட்ட சிவப்பு ஜம்பலாயாவும் தைரியமாகச் செய்யலாம். வெறும் இரும்பில் தக்காளி நேரம் போகக் கொதித்தால் பழக்கிய பூச்சைத் தின்றுவிடும். கேஸ் பர்னரைப் பால்கனியில் வைக்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். லீஸைப் பாருங்கள், பெரும்பாலும் தடைதான். கராஜுக்குள்ளும் கூடாது, கதவு திறந்திருந்தாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வெளியில் வைத்துச் செய்கிறவர்கள் பானையோடு பர்னரையும் சேர்த்துப் பாருங்கள். 10 காலன் இரும்புக்கு நடுவில் மட்டும் சீறுகிற சின்ன பர்னர் ஆகாது, ஒரே வட்டத்தில் கருக்கிவிடும். வட்டம் பெரியதாக, தீயை நன்றாகக் குறைக்க முடிவதாக இருக்க வேண்டும். வாங்கும்போது எல்லாரும் எவ்வளவு எரியும் என்று கேட்கிறார்கள். எவ்வளவு தணியும் என்று கேளுங்கள், தம் போடுவது அதில்தான். ஸ்டாண்டின் கால்களையும் ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். பானை மட்டுமே தூக்க இரண்டு ஆள் வேண்டும், சோறு நிரம்பினால் சொல்ல வேண்டாம்.

அலுமினியமே கூடாதா என்றால், வார்ப்பு அலுமினியம் பரவாயில்லை. அடி தடிமனாக இருக்கும், துரு பிடிக்காது, முதுகு பிழைக்கும். இங்கத்து வீடுகளில் மேக்னலைட் என்கிற பழைய வார்ப்பு அலுமினியப் பாத்திரத்தைப் பாட்டியின் நகை மாதிரி வைத்திருப்பார்கள். பழைய சாமான் விற்கிற இடத்தில் கண்ணில் பட்டால் விடாதீர்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்கு அருமையான பாத்திரம். தகட்டில் அடித்த அலுமினியம்தான் வேண்டாம் என்கிறேன்.

இரும்பைப் பழக்குவது நமக்குப் புதிதா என்ன? அம்மா தோசைக்கல்லைப் பழக்கியது போலத்தான். கழுவி, சூட்டில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மெல்லிசாகத் தடவி மறுபடி சூடேற்றுங்கள். எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று நிற்கும். லூசியானா புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஈரமாக விட்டால் காலையில் செம்பழுப்புத் துரு. மூடியை அழுத்தி மூடி வைக்காதீர்கள், இடையில் ஒரு பேப்பர் டவல் மடித்து வையுங்கள். சுடச்சுட இருக்கிற பானையில் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விட்டால் அவ்வளவுதான்.

முதல் தடவைக்கே வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பேட்டன் ரூஜில் பானை, பர்னர், துடுப்பு மூன்றையும் வாடகைக்குத் தருகிற இடங்கள் உண்டு. ஆபீசிலேயே விசாரித்தால் யாராவது ஒருவர் கராஜில் வைத்திருப்பார். கடன் வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இதுவரை இதில் என்ன சமைத்தீர்கள்? இங்கே ஜம்பலாயா என்றால் பன்றி இறைச்சியும், பன்றியிலேயே செய்து புகை போட்ட ஆண்டூய் சாசேஜும் சாதாரணம். பழகிய இரும்பில் அந்தக் கொழுப்பு ஊறியிருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போகாது. விருந்தில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் கோழியை மட்டும் போட்டேன் என்று சொல்வது போதாது. சைவர்களுக்கும் தனிப் பாத்திரம்தான் மரியாதை.

துடுப்பு என்றேனே, நிஜமாகவே படகுத் துடுப்பு அளவுக்கு இருக்கும். நம் மொழியில் பாயசம் கிண்டுவதும் படகு வலிப்பதும் ஒரே பெயரில் இருப்பது எனக்கு இங்கே வந்துதான் உறைத்தது. முனை தட்டையாக இருப்பதை எடுங்கள், சுரண்டத்தான் அது.

அரிசி விஷயம் சுருக்கமாக. பாஸ்மதி வேண்டாம், புரட்டும்போது உடையும். உள்ளூர் நீள அரிசிதான் வழக்கம். கை பழகும் வரை பாக்கெட்டில் "பார்பாயில்டு" என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வேறொன்றுமில்லை, நம் புழுங்கல் அரிசிதான். கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் குழையாது.

தம்பி, கடைசியாக ஒன்று. என்னிடம் 10 காலன் பானை இருக்கிறது. பன்றி ஏறாதது, என் முஸ்லிம் நண்பர்களுக்காக அப்படியே வைத்திருக்கிறேன். தனிச்செய்தி அனுப்பினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம். தூக்க ஒரு ஆளையும் கூட்டி வாருங்கள், எனக்கு இப்போது இடுப்பு சரியில்லை.