வீக்கம் வற்றியது, பல் அப்படியே இருந்தது: பிள்ளைகளின் பால் பல்லும் அன்டிபயோட்டிக் பாணியும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

மகளுக்கு அப்போது ஐந்து வயது. மேல் கடைவாயில் ஒரு பால் பல் கறுத்துக் குழி விழுந்திருந்தது. எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டோம். முதல் தடவை வலி வந்தபோது டவுனில் ஒரு பாமசியில் சொல்லி அன்டிபயோட்டிக் பாணி வாங்கினோம். மூன்று நாளில் வலி போனது, மருந்தையும் நிறுத்திவிட்டேன். நாலு மாதம் கழித்து மறுபடியும் வலி. மறுபடியும் அதே பாணி, அதே மூன்று நாள்.

நடுவில் ஒன்றைப் பார்த்தேன், ஆனால் அது என்னவென்று புரியவில்லை. அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைக் கொப்புளம். ஒரு நாள் இருக்கும், மறுநாள் உடைந்து காணாமல் போகும், அடுத்த வாரம் அதே இடத்தில் திரும்ப வரும். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். ரொட்டியை மட்டும் எப்போதும் வலது பக்கமாகவே மென்றாள். வலி இல்லையே என்று நானும் நிம்மதியாக இருந்தேன். உள்ளே சேர்கிற சீழ் தனக்கு வழி பண்ணிக்கொண்டதுதான் அந்தக் கொப்புளம், சீழ் வடிந்துகொண்டே இருந்ததால்தான் வலி தெரியவில்லை என்று பிறகுதான் அறிந்தேன்.

மூன்றாவது தடவை நான் செய்ததை எழுதவே மனம் கூசுகிறது. மூத்தவனுக்கு வாங்கிய பாணியில் பாதி அலுமாரியில் கிடந்தது. அதைக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இரவு காய்ச்சல் ஏறியது. விடியும்போது இடது கன்னம் முழுக்க வீங்கி, கண் திறக்க முடியாமல் இமை மூடிக்கிடந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே ஓட்டோ பிடிக்க ஓடினார்.

வாட்டில் வைத்து இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று நாளில் வீக்கம் இறங்கியது, பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். ‘மூன்று தடவை மருந்து கொடுத்தேனே டொக்டர், ஏன் சுகமாகவில்லை?’ என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அன்டிபயோட்டிக் இரத்தத்தில் போகிற மருந்து. அந்தப் பல்லுக்குள் நரம்பும் சதையும் செத்துவிட்டன, இரத்த ஓட்டமே இல்லை. அதனால் கிருமி குடியிருக்கிற இடத்துக்கு மருந்து போய்ச் சேராது. சுற்றிப் பரவுவதைத்தான் அது அடக்கும். எனக்கு எங்கள் லயத்துச் சாக்கடைக் கான்தான் நினைவுக்கு வந்தது. அடைத்துக் கிடக்கிற கானின் ஓரத்தில் எவ்வளவு பவுடர் தூவினாலும் நாற்றம் இரண்டு நாள்தான் அடங்கும். அடைப்பை எடுக்க வேண்டாமா?

அப்படியானால் வாட்டில் ஏன் அதே வகை மருந்து? காய்ச்சலும் முக வீக்கமும் வந்தால் கிருமி பல்லைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், அப்போது அது கட்டாயம் வேண்டும், ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத வெறும் பல்வலிக்கு அது பயனில்லை. வலிக்கு நிறைக்கு ஏற்ற அளவில் பனடோல், அப்புறம் பல்லுக்கான சிகிச்சை. அவ்வளவுதான்.

பண்டாரவளை, ஒரு அப்பா:

அக்கா, நீங்கள் மட்டும் இல்லை. எங்கள் வீட்டிலும் அம்மாயி ‘பல்லுப்பூச்சி’ என்று சொல்லிக் கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தார். மகனின் ஈறு வெந்து தோல் உரிந்துவிட்டது. அவனைக் காப்பாற்றியது பாடசாலைக்கு வந்த பல் மிஸ்தான். சின்னக் குழியாக இருக்கும்போதே அடைத்துவிட்டார், காசு இல்லை. இந்தப் பற்சிகிச்சையாளர்கள் மகரகமையில் பயிற்சி எடுத்து வருகிறவர்கள், பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதே அவர்களுடைய வேலை. வரும் நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். ‘பயப்படுவான்’ என்று நானே ஒரு முறை நிறுத்தி வைத்தேன், அந்த ஒரு வருடத்தில் இன்னொரு பல் கெட்டது.

நாவலப்பிட்டி, ஆசிரியை:

எல்லாப் பல்லையும் பிடுங்கத்தான் வேண்டும் என்றில்லை. என் தங்கை மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் இப்படித்தான் ஆனது. கம்பளை வழியாகப் பஸ் ஏறி, பேராதனையில் உள்ள பல் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனோம். அங்கே எக்ஸ்ரே எடுத்து, செத்த நரம்பைச் சுத்தம் பண்ணி, மருந்து வைத்து அடைத்து, மேலே வெள்ளி நிறத் தொப்பி மாதிரி ஒன்று போட்டார்கள்.

அன்டிபயோட்டிக்கைப் பல்லுக்கு உள்ளேயே வைக்கிற முறையும் ஒன்று இருக்கிறது. மூன்று மருந்தைப் பசை மாதிரிக் குழைத்துப் பல்லின் குழிக்குள் வைத்து மூடுவார்கள். ஜப்பானில் தொடங்கிய முறை. வேர் கரைந்துவிட்ட பால் பல்லை இன்னும் கொஞ்ச காலம் காப்பாற்ற வேண்டிய நேரத்தில்தான் அது உதவும். அந்த மூன்றில் மினோசைக்ளின் பல்லைக் கறுக்கச் செய்யும் என்பதால் அதற்குப் பதில் வேறு மருந்து சேர்க்கிறார்கள். இதையெல்லாம் டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், வீட்டில் கெப்சியூலை உடைத்துப் பல்லில் வைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்த ஒரு தாயை எனக்குத் தெரியும்.

கடைவாய்ப் பால் பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. ஐந்து வயதில் போய்விட்டால் பக்கத்துப் பல் சரிந்து வந்து, பிறகு முளைக்கிற பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும். பால் பல்லின் சீழ் அடியில் வளர்கிற நிலையான பல்லையும் பழுதாக்கலாம், அது வெளிவரும்போதே மஞ்சளாகவோ புள்ளியாகவோ வரும். ஆகவே ‘விழப்போகிற பல்’ என்ற பேச்சை விட்டுவிடுவோம்.

தலவாக்கலை, தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்:

டொக்டர் பாணி எழுதித் தந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். போத்தலில் தூள் இருந்தால் முதலில் தட்டி உதிர்த்துவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் விடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி முதலில் தண்ணீரும் கடைசியில் கெட்டியும்தான் போகும். அளவு வயதுக்கு இல்லை, நிறைக்கு. கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தேத்தண்ணிக் கரண்டியால் அளக்காதீர்கள், பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் கேளுங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முதலிலேயே சொல்லுங்கள், அமொக்சிசிலினும் அதே இனம்தான். சொன்ன நாள் வரை கொடுங்கள், மீதியை அடுத்த பிள்ளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.

வாய் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை, மூச்சு இழுக்கிறது, கண்ணுக்கோ தாடைக்கு அடியிலோ வீக்கம் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரைப் பேர், அதுதான் அரைநாள் சம்பளம், போனாலும் போகட்டும்.

இன்னொன்று. இரவில் சீனி போட்ட பால் போத்தலை வாயில் வைத்தபடி பிள்ளையைத் தூங்கவிடுவதுதான் நான் பார்த்த பெரும்பாலான கறுத்த பல்லுக்குக் காரணம். கொழுந்துக்குப் போய்க் களைத்து வருகிற தாய்க்கு அது எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். தூங்கும்போது வெறும் தண்ணீரைப் பழக்குங்கள். அப்புறம், ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பல் முளைக்கும். ஒரு பல்லும் விழாமல் வருவதால் பால் பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது நிலையான பல், போனால் திரும்ப முளைக்காது.

ஹட்டன் அம்மா மறுபடியும்:

ஐயா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இப்போதுதான் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மகளுக்கு ஆறு முடிந்து இரண்டு மாதம். கீழே இரண்டு பக்கமும் கடைசியில் ஈறைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முனை தெரிகிறது. நாளைக் காலை பல் மிஸ்ஸிடம் காட்டப் போகிறேன்.