மறு: ‘கர்வ்’ முறைக்குக் கலைச்சொல் – பொது வேதியியல் பாட விதிகள்

அன்பர்களுக்கு வணக்கம்.

பொது வேதியியல் பாட விதிகளைத் தமிழாக்கும் இந்த இழையில், கடந்த சில மடல்களாக ஆங்கில மூலத்தில் வரும் ‘கர்வ்’ (curve, வளைகோடு; வகுப்பின் மதிப்பெண்களைப் பார்த்துத் தரத்தையோ மதிப்பெண்ணையோ மாற்றிப் போடும் முறை) ஒன்றே ஓடிக்கொண்டிருக்கிறது. ‘வளைவு மதிப்பீடு’, ‘மணிவளைவுத் தரம்’, ‘தரப்படுத்தல்’, ‘கருணை மதிப்பெண்’ என்று நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. எனக்கு நான்கிலும் உடன்பாடில்லை. ‘கர்வ்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நடைமுறைகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் எவ்வளவு அழகான சொல்லைப் போட்டாலும், படிக்கிற மாணவர் குழம்பத்தான் செய்வார்.

முதலில் பரிந்துரைகளைப் பார்த்துவிடலாம்.

> மூலத்தில் வளைகோடு என்றுதானே இருக்கிறது? ‘வளைவு மதிப்பீடு’ என்று நேராகவே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, தமிழில் ‘வளைத்தல்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சட்டத்தை வளைப்பதும் விதியை வளைப்பதும்தான். ‘ஆசிரியர் மதிப்பெண்ணை வளைத்தார்’ என்று எழுதினால் அவர்மேல் விசாரணை வைக்க வேண்டும் போலிருக்கும். தவிர, அந்த வளைகோடு வெறும் படம். இயல்நிலைப் பரவலை (பெரும்பாலோர் நடுவிலும் சிலர் மட்டும் இரண்டு ஓரங்களிலும் நிற்கும் பரவல்) வரைந்தால் மணி வடிவம் வருகிறது, அந்தப் படத்தின் பெயர் முறைக்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் ஆசிரியர்களில் பலர் எந்த மணியையும் வரைவதில்லை. எல்லோருக்கும் 8 மதிப்பெண் கூட்டிப் போட்டுவிட்டு ‘கர்வ் போட்டேன்’ என்கிறார்கள். ‘மணிவளைவுத் தரம்’ இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

‘தரப்படுத்தல்’ தமிழகத்து வாசகருக்குச் சாதாரணச் சொல்லாகத் தெரியலாம். இலங்கைத் தமிழருக்கு அது அப்படி அல்ல. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில், தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுத்தாக வேண்டும் என்று ஆக்கிய முறைக்கு அங்கே அதுதான் பெயர். அதன் கசப்பு இன்னும் அந்தச் சொல்லில் இருக்கிறது. இரண்டு கரையிலும் படிக்கப்போகிற ஆவணத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. பொதுவாகத் தரம் வழங்குவதற்குத் ‘தரமிடல்’ போதும். ஏ, பி, சி என்பவை ‘தரம்’. இதில் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன்.

‘கருணை மதிப்பெண்’ பழகிய சொல், நல்ல சொல்லும்கூட. ஆனால் அதன் வேலை வேறு. தேர்ச்சிக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் கீழே நிற்கிற ஒருவரைத் தூக்கிவிடுவது அது. நாம் பேசும் முறை ஒரு சூத்திரத்தை வகுப்பு முழுவதற்கும் போடுகிறது. அங்கே கருணைக்கு வேலை இல்லை. கேள்வித்தாள் அளவுக்கு மீறிக் கடினமாகிவிட்டது என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டு அளவைச் சரிசெய்கிறார். அதற்குக் கருணை என்று பெயர் வைத்தால் மாணவர் நன்றிக்கடன்பட்டவர் போல ஆகிவிடுகிறது.

சரி, அந்த இரண்டு நடைமுறைகள் எவை?

முதலாவது, மாணவரை மாணவரோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பது. 200 பேர் படிக்கும் வகுப்பில் முதல் 10 விழுக்காட்டினருக்குத்தான் ஏ என்றால், 20 பேருக்கு ஏ கிடைக்கும். இருபத்தொன்றாவது ஆளுக்குப் பி. இருவருக்கும் ஒரு மதிப்பெண்தான் வித்தியாசம் என்றாலும் அப்படித்தான். இதன் பழைய வடிவம் ஒன்று 1908-இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் மாக்ஸ் மேயர் எழுதிய கட்டுரையில் வருகிறது: மேலே 3 விழுக்காடு, அடுத்து 22, நடுவில் 50, அதற்குக் கீழே 22, கடைசியில் 3. எத்தனை பேர் தோற்க வேண்டும் என்பது தேர்வு நடக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது!

சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு; இலங்கையில் நியம விலகல்) வைத்துப் பிரிப்பதும் இதே இனம்தான். ஒரு தேர்வில் சராசரி 48, திட்ட விலக்கம் 16 என்று வைத்துக்கொள்வோம். 64 வாங்கியவர் சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் மேலே இருக்கிறார், நல்ல தரம் கிடைக்கும். அடுத்த பருவத்தில் அதே தாளில் மற்ற எல்லோரும் 16 மதிப்பெண் கூடுதலாக எடுத்துவிட்டார்கள் என்றால், அதே 64 சராசரி ஆகிவிடும். அவருக்குத் தெரிந்த வேதியியல் ஒரு துளியும் குறையவில்லை. தரம் மட்டும் இறங்கிவிட்டது. இந்த முறையில், சமநிலை மாறிலிக் கணக்கைப் பக்கத்து நண்பனுக்குச் சொல்லிக்கொடுத்தால் தன் தரத்துக்கே கேடு வரும் என்று மாணவர் நினைக்க இடமிருக்கிறது.

இரண்டாவது, மதிப்பெண்ணை மேலே தள்ளுவது. எல்லோருக்கும் 12 கூட்டலாம். அல்லது வர்க்கமூலம் எடுத்துப் பத்தால் பெருக்கலாம்: 36 வாங்கியவருக்கு 60, 49-க்கு 70, 64-க்கு 80, 81-க்கு 90. நூறு வாங்கியவர் நூறிலேயே நிற்பார். இந்தச் சூத்திரத்தில் மிக அதிக லாபம் 25 வாங்கியவருக்கு, அவர் 50-க்குத் தாவுகிறார். அதற்கு மேலே போகப் போக லாபம் குறைந்துகொண்டே வரும். எப்படியானாலும் இதில் ஒருவர் ஏறுவதால் இன்னொருவர் இறங்குவதில்லை.

ஆக, ஒன்று பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் போட்டியாளராக்குகிறது, மற்றது எல்லோரையும் சேர்த்துத் தூக்குகிறது. ‘இந்தப் பாடத்தில் கர்வ் உண்டு’ என்ற வரியைப் படித்து ஒரு மாணவர் மகிழ்வதா பயப்படுவதா என்பது இரண்டில் எது என்பதைப் பொறுத்தது. மூலமொழியில் இந்தக் குழப்பம் ஊறிப்போய்விட்டது. நாம் புதிதாகச் சொல் செய்கிறோம், அதையும் ஏன் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

என் பரிந்துரை: முதலாவதற்கு ‘ஒப்பீட்டுத் தரமிடல்’, இரண்டாவதற்கு ‘மதிப்பெண் ஏற்றம்’.

‘மார்க்கை ஏற்றிப் போட்டார்கள்’ என்பது எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. அதை அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்தால் போதும், மூளையைக் கசக்க வேண்டியதில்லை. ‘ஒப்புத் தரமிடல்’ என்று இன்னும் சுருக்கலாம் என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். சுருக்கம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘ஒப்புக்கு’ என்ற சொல் பக்கத்திலேயே நிற்கிறது, ஒப்புக்குத் தரம் போட்டார்கள் என்று காதில் விழும். ‘ஒப்பீட்டு’ என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. வகுப்பில் முதலிடம் பிடித்தவரின் மதிப்பெண்ணை 100 ஆக்கி, அந்த வித்தியாசத்தை எல்லோருக்கும் கூட்டும் பழக்கமும் இருக்கிறது. முதல் ஆள் 88 என்றால் எல்லோருக்கும் 12. யாராவது ஒருவர் 98 வாங்கிவிட்டால் எல்லோருக்கும் வெறும் 2. அப்போது வகுப்பே அந்த ஒருவரை முறைத்துப் பார்க்கும். இது ஏற்றமா ஒப்பீடா? இரண்டும்தான். இதற்கு ‘ஒப்பேற்றம்’ என்று ஒரு கலப்புச் சொல் செய்யலாம் என்றால், ஒப்பேற்றுவது என்பதற்கு நம்மிடையே என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. இதை ஏற்றத்தின் கீழேயே வைத்து, சூத்திரத்தை விதியில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

இவற்றுக்கு எதிரில் நிற்கும் முறைக்கும் பெயர் வேண்டும்: 90-க்கு மேல் ஏ, 80-க்கு மேல் பி என்று முன்கூட்டியே கோடு கிழித்துவிடுவது. எல்லோரும் 90 தாண்டினால் எல்லோருக்கும் ஏ. கல்வியளவையியலில் ஒப்பீட்டு முறையையும் இந்த முறையையும் வேறுபடுத்திப் பேசும் வழக்கத்துக்கு ராபர்ட் கிளேசர் 1963-இல் எழுதிய கட்டுரையைத்தான் காட்டுவார்கள். ‘அறுதித் தரமிடல்’ என்று ஒரு பரிந்துரை வந்தது. அறுதி என்றால் மாற்றவே முடியாதது என்று ஆகிவிடும். நடப்பில், எழுதிய கோட்டை ஆசிரியர் கீழே இறக்கலாம், மேலே ஏற்றக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் விதி. கோடு முன்பே அறிவிக்கப்பட்டது என்பதே இதன் உயிர். அதனால் ‘முன்வரம்புத் தரமிடல்’ என்கிறேன். அந்தக் கோட்டுக்கு இலங்கையில் ஏற்கெனவே ‘வெட்டுப்புள்ளி’ என்ற அருமையான சொல் புழங்குகிறது. தமிழகத்தில் கட்-ஆஃப், கட்-ஆஃப் என்றே காலத்தை ஓட்டுகிறோம். வெட்டுப்புள்ளியை எடுத்துக்கொள்வோம்.

> ஒப்பீடு என்றாலே கெட்டது என்பது போல எழுதுகிறீர்கள். பொதுத் தரத்தேர்வுகள் ஒப்பீடு இல்லாமல் எப்படி நடக்கும்?

நியாயமான கேள்வி. அமெரிக்க வேதியியல் கழகத்தின் பொது வேதியியல் தாளைச் சில துறைகள் இறுதித் தேர்வாகவே வைக்கின்றன. 70 பலவிடைக் கேள்விகள், 110 நிமிடம். அதில் 45 வாங்கினால் அது நல்லதா இல்லையா என்று தனியாகச் சொல்ல முடியாது. நாடெங்கும் எழுதியவர்களின் மதிப்பெண்ணோடு வைத்து நூற்றுமானமாக (எத்தனை விழுக்காட்டினரைவிட மேலே என்ற அளவாக) மாற்றுகிறார்கள். இதுவும் ஒப்பீடுதான், ஆனால் ஒப்பிடப்படும் கூட்டம் வகுப்புக்கு வெளியே இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் ஜெயித்தால் எனக்கு நட்டமில்லை. எனவே விதியில் ‘ஒப்பீட்டுத் தரமிடல்’ வரும் இடத்திலெல்லாம் ‘ஒப்பீட்டுக் குழு’ எது என்றும் எழுதச் சொல்வோம்.

அப்புறம், இழையில் தேங்கி நிற்கும் மற்ற சொற்கள்.

இயற்கணிதம் தெரியாமல் பொது வேதியியலில் கால் வைக்க முடியாது. பிஎச் கணக்குக்கு மடக்கை வேண்டும், சமநிலைக் கணக்குக்கு இருபடிச் சமன்பாடு வேண்டும். அதனால்தான் முந்தைய கணிதப் பாடத்தில் சி தரத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். இதற்கு ‘முன்தேவை’ என்ற சொல் இருக்கிறது, தவறில்லை. ஆனால் அதே பருவத்தில் சேர்ந்து படிக்க வேண்டிய ஆய்வகப் பாடத்துக்கு ‘இணைத்தேவை’ என்றால் எதற்கு எது இணை என்று விளங்கவில்லை. ‘முன்பயில் பாடம்’, ‘உடன்பயில் பாடம்’ என்று வைத்தால் என்ன? ஏவுகணை போல இவையும் வினைத்தொகை. படித்ததும் பொருள் தெரிகிறது, இரண்டும் ஜோடியாகவும் நிற்கின்றன. ஆய்வகத்தை விட்டு விலகினால் வகுப்பையும் விட வேண்டும் என்ற விதியை விளக்கவும் ‘உடன்பயில்’ உதவும்.

வகுப்புத் தேர்வுகளில் 90 வாங்கினாலும் ஆய்வகத்தில் தோற்றால் மொத்தப் பாடமும் தோல்வி என்ற விதிக்குத் ‘தனித்தேர்ச்சி’. இது எல்லோருக்கும் சம்மதம் என்றே தெரிகிறது.

விடைத்தாளில் வழிமுறைக்குத் தரும் மதிப்பெண்ணை ‘ஸ்டெப் மார்க்’ என்றே எல்லோரும் சொல்கிறோம். ‘படிநிலை மதிப்பெண்’ சரியாகப் பொருந்துகிறது. இதோடு ஒட்டிய இன்னொரு சொல் தேவைப்படுவதால் ஒரு கணக்கைப் பார்ப்போம். 4.0 கிராம் ஹைட்ரஜன் முழுவதும் எரிந்தால் எத்தனை கிராம் நீர் வரும்? 4.0-ஐ 2.016-ஆல் வகுத்தால் 1.98 மோல். அதே அளவு மோல் நீர் உண்டாகும். 18.02-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 36 கிராம். ஒரு மாணவர் ஹைட்ரஜன் ஈரணு மூலக்கூறு என்பதை மறந்து 1.008-ஆல் வகுத்துவிட்டார். 3.97 மோல் வந்தது, அதைச் சரியாகப் பெருக்கி 72 கிராம் என்று முடித்தார். விடை தவறு, ஆனால் பிழை ஓரிடத்தில்தான். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் சரி. அந்த ஓர் இடத்துக்கு மட்டும் மதிப்பெண்ணைக் குறைப்பதா, விடை தவறு என்று மொத்தமாக வெட்டுவதா என்பது விதியில் இருக்க வேண்டும். கீழே வழிந்து வரும் இந்தத் தவறுக்குத் ‘தொடர்பிழை’ என்று வைக்கலாம். ‘தொடர்பிழைக்கு மறுபடி மதிப்பெண் குறைக்கப்படாது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். 35.754 கிராம் என்று கணிப்பான் காட்டியதையெல்லாம் எழுதி வைப்பவருக்குக் குறைப்பது வேறு கணக்கு, அது முக்கிய எண்ணுரு (விடையில் எத்தனை இலக்கம் வரை எழுதலாம் என்ற) விதியில் வரும்.

நோய்வாய்ப்பட்டு இறுதித் தேர்வு எழுதாதவருக்குத் தற்காலிகமாகப் போடும் தரத்துக்கு ‘நிலுவைத் தரம்’ வேண்டாம். நிலுவை என்றதும் மாணவர் அரியர் என்று படித்து அதிர்ந்துவிடுவார். ‘முடிவுறாத் தரம்’ பாதுகாப்பானது.

சிறு தேர்வுகளில் மிகக் குறைந்த ஒன்றைக் கணக்கில் விடும் வழக்கத்துக்குக் ‘கடைவிலக்கு’ என்று ஒருவர் ஆக்கித் தந்திருக்கிறார். உழைப்புக்கு வணக்கம், ஆனால் கடையை விலக்கச் சொல்வது போல இருக்கிறது. ‘மிகக் குறைந்த மதிப்பெண் ஒன்று நீக்கப்படும்’ என்று நேராக எழுதினால் முடிந்தது. எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டுமா என்ன?

கடைசியாக ஒன்று. திருத்திய தாளை மீண்டும் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு மூலத்தில் ஒரே சொல்தான். தமிழில் ‘மறுகூட்டல்’ வேறு, ‘மறுமதிப்பீடு’ வேறு. கூட்டலில் பிழை என்றால் முதலாவது, திருத்தியதே சரியில்லை என்றால் இரண்டாவது. மூலத்தில் ஒரே வரியாக இருக்கும் விதியை நாம் இரண்டாகப் பிரித்து எழுதலாமா, மறுமதிப்பீட்டில் முழுத்தாளும் மறுபடி பார்க்கப்படும், மதிப்பெண் குறையவும் கூடும் என்ற எச்சரிக்கையை இரண்டாவதில் மட்டும் வைக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. விதித்தாளை வகுப்பில் கொடுத்துப் பழகியவர்கள் இதற்கு மட்டுமாவது பதில் எழுதுங்கள். அது வந்ததும் கோப்பைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்