வாடகை இல்லாத வீடு, விலை கரையும் வீடு, ஆயுள் தவணை வீடு: இதெல்லாம் நிஜமா?

மனைவாசி:
வெளிநாட்டு வீடு, மனை பற்றி வலம்வரும் துணுக்குகளில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். தென்கொரியாவில் மாத வாடகை கொடுக்காமலே குடியிருக்கலாம் என்கிறார்கள். ஜப்பானில் இருபது வருடத்தில் வீட்டின் விலை பூஜ்யமாகிவிடுமாம். பிரான்சில் விற்றவர் சாகும்வரை தவணை கட்டி வீடு வாங்கலாமாம். நிஜமென்றால் நடைமுறை என்ன, எங்கே மாட்டிக்கொள்வார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைபாதை:
கொரியா விஷயம் நிஜம். பெயர் ஜொன்சே. தமிழில் ஒத்தி என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். வீட்டு மதிப்பில் பாதி முதல் முக்கால்வரை, சில சமயம் அதற்கு மேலும், ஒரே தொகையாகக் கொடுத்துவிட்டு வழக்கமாக இரண்டு வருடம் இருப்பார்கள். காலி செய்யும்போது முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும். உரிமையாளர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, பலரும் அடுத்த வீட்டை வாங்கப் போட்டுவிடுவார்கள். அடுத்து வருபவர் கொடுக்கும் பணத்தில்தான் பழையவருக்குத் திருப்புவார்கள். விலை இறங்கினால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். கடனும் ஒத்தித் தொகையும் சேர்ந்து வீட்டு விலையைத் தொட்டுவிட்ட வீட்டுக்கு அங்கே 'தகர டப்பா ஜொன்சே' என்று பெயர்.

பெரிய ஓட்டை அந்த முதல் நாளில் இருக்கிறது. குடிவந்ததும் உள்ளூர் அலுவலகத்தில் முகவரி மாற்றம் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்குவார்கள். கட்டணம் 600 வொன்தான். ஆனால் பணத்தைத் திரும்பப் பெறுவதில் குடியிருப்பவருக்கு உள்ள முன்னுரிமை அன்று நள்ளிரவு தாண்டி, மறுநாள் பிறக்கும்போதுதான் செல்லுபடியாகும். அடமானமோ பதிந்த அன்றே செல்லும். பணத்தை வாங்கிய கையோடு அன்று பகலிலேயே உரிமையாளர் வீட்டை அடமானம் வைத்தால், ஏலம் வரும்போது வங்கி முன்னால் நிற்கும், குடியிருப்பவர் பின்னால் நிற்பார். இது சட்டத்திலேயே இருக்கும் இடைவெளி என்பதால்தான் நல்ல தரகர்கள் ஒரு ஷரத்தை எழுதச் சொல்வார்கள்: மீதித்தொகை (முன்பணம் போக, குடிவரும்போது கொடுப்பது) கொடுத்த மறுநாள்வரை எந்த அடமானமும் பதியக்கூடாது, பதிந்தால் ஒப்பந்தம் ரத்து, பணம் முழுதும் வாபஸ்.

வீட்டின் சொத்துப் பதிவேட்டு நகலில் மூன்று பகுதி இருக்கும்: கட்டட விவரம், உரிமையும் ஜப்தியும், அடமானங்கள். ஒப்பந்தத்துக்கு முன் ஒருமுறை, மீதித்தொகை கொடுக்கும் காலையில் ஒருமுறை, இரண்டு நாள் கழித்து ஒருமுறை என்று மூன்று தடவை எடுத்துப் பார்க்கவேண்டும். அவசரப்பட்டு ஒரு தடவையோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

ஓட்டுக்கூரை:
ஜப்பான் துணுக்கு பாதி சரி. 22 வருடம் என்பது மரவீட்டுக்கு வரிக்கணக்கில் வைத்திருக்கும் தேய்மான ஆயுள், கான்கிரீட் வீட்டுக்கு 47. வீட்டின் உண்மையான ஆயுள் அதுவல்ல. ஆனாலும் சந்தை அந்த எண்ணையே பிடித்துக்கொண்டது. வீடு தனி, மனை தனி என்று பதிவு இருப்பதால் மனைக்கு விலை நிற்கும், வீட்டுக்குக் கரையும்.

பழைய வீடு மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்ப்பவர்கள் இரண்டைக் கவனிக்கவேண்டும். ஒன்று, 1981 ஜூன் 1. அன்றுதான் புதிய நிலநடுக்க விதி வந்தது. பார்க்கவேண்டியது கட்டட அனுமதி பெற்ற தேதி. கட்டி முடித்த தேதியை நம்பினால் ஏமாறுவோம், ஏனென்றால் 1982இல் முடித்த வீடு பழைய விதிப்படி அனுமதி வாங்கியதாக இருக்கலாம். இரண்டு, சாலை. நகரத் திட்டப் பகுதிகளில், பொதுவாக 4 மீட்டர் அகலமுள்ள சாலையை மனை குறைந்தது 2 மீட்டராவது தொட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இடித்தபின் மறுபடி கட்ட அனுமதி கிடைக்காது. ஒடுங்கிய சந்துக்குள் 1.8 மீட்டர் வாசலோடு விற்கும் வீடு மலிவாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

பாழடைந்த வீட்டை ஏன் இடிப்பதில்லை என்று கேட்பார்கள். வீடு நிற்கும்வரை, முதல் 200 சதுர மீட்டர் மனைக்குச் சொத்து வரி, மனை மதிப்பில் ஆறில் ஒரு பங்கின்மேல்தான். இடித்தால் அந்தச் சலுகை போய்விடும். இந்தக் கணக்கு ஊரையே பாழாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. 2015 முதல் ஆபத்தான காலி வீடுகளுக்கு, நகராட்சி பரிந்துரைத்தும் சரிசெய்யாவிட்டால், சலுகையை எடுக்க வழி செய்தார்கள். 2023 டிசம்பரில் பராமரிப்பில்லாத வீடுகளுக்கும் நீட்டினார்கள்.

தேன்கூடு:
பிரான்சில் அதற்குப் பெயர் வியாஜே. முன்பணம் ஒன்று, பிறகு விற்றவர் உயிரோடு இருக்கும்வரை மாதத் தவணை. பெரும்பாலும் விற்றவரே தொடர்ந்து குடியிருப்பார், அதற்கேற்ப விலை குறையும். ஒப்பந்தம் முடிந்த 20 நாளுக்குள், அப்போதே இருந்த நோயால் விற்றவர் இறந்தால் ஒப்பந்தம் செல்லாது. வாங்குபவர் இறந்தாலும் தவணை நிற்காது, வாரிசுகள் கட்டவேண்டும். ஜான் கால்மா என்ற பிரெஞ்சு மூதாட்டியின் கதை அதற்கு உதாரணம். 1965இல், 90 வயதில், மாதம் 2,500 பிராங்குக்கு வீட்டை ஒரு நோட்டரிக்கு விற்றார். நோட்டரி 1995இல் இறந்தார், குடும்பம் தொடர்ந்து கட்டியது. கால்மா இறந்தது 1997இல், 122 வயதில்.

கடலோரம்:
நீங்கள் கேட்காத ஒன்று: காலம் முடிந்ததும் வீடு கையைவிட்டுப் போவதும் நிஜம். சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3இல் 191 தரைவீடுகளின் 60 வருடக் குத்தகை 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பியது, இழப்பீடு இல்லை.

மனைவாசி:
மிக்க நன்றி. கொரியா பற்றி ஒரு சந்தேகம். ஏற்கெனவே அடமானம் உள்ள வீடு என்றால் எவ்வளவு வரை பரவாயில்லை? பணம் திரும்ப வராவிட்டால் என்ன செய்வது?

நடைபாதை:
பதிவேட்டில் இருக்கும் தொகை கடனின் உச்சவரம்பு, உண்மைக் கடனைவிட அதிகமாக இருக்கும். கூட்டும்போது அதையே எடுங்கள். வீடு 40 கோடி வொன், உச்சவரம்பு 12 கோடி, ஒத்தி 20 கோடி என்றால் மொத்தம் 32 கோடி, அதாவது 80 சதவீதம். ஏலத்தில் சந்தை விலை கிடைக்காது என்பதால் 70ஐத் தாண்டினால் வேண்டாம் என்பேன்.

பணம் வராத நிலையில் வேறு ஊருக்கு மாறவேண்டி வந்தால், முகவரியை மட்டும் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். மாற்றிய கணத்தில் முன்னுரிமை போய்விடும். அதைக் காப்பாற்ற முதலில் நீதிமன்றத்தில் குத்தகை உரிமைப் பதிவுக்கு உத்தரவு வாங்கி, அது பதிவேட்டு நகலின் மூன்றாவது பகுதியில் ஏறியதைக் கண்ணால் பார்த்தபிறகே பெட்டியைக் கட்டவேண்டும். உத்தரவு வந்துவிட்டது என்பது போதாது.