நகர வெப்பத் தீவா, வேறு சொல்லா? வியாழனுக்குள் வேண்டும்

திருகோணமலையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பத்தாம் தரப் பிள்ளைகளின் வெளிக்களப் பயிற்சிக்கு ஒரு கைந்நூல் எழுதுகிறேன். வியாழன் அச்சுக்குப் போகவேண்டும். சுற்றியுள்ள வயலையும் காட்டையும்விட நகரம் சூடேறிக் கிடப்பதை ‘நகர வெப்பத் தீவு’ என்று எழுதியிருந்தேன். வகுப்பில் அதை வரையச் சொன்னபோது ஒரு பிள்ளை நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவை வரைந்து, மேலே பெரிய சூரியனையும் வைத்துக் கொண்டுவந்தாள். நிலாவெளிப் பிள்ளை. அவளுக்குத் தீவென்றால் கடல், காற்று, படகு. பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு எல்லாரையும் மத்தியானம் வெளியே கூட்டிக்கொண்டு போனேன். தார் ரோட்டில் செருப்பைக் கழற்றிய பெடியன் துள்ளித் துள்ளி ஓடி வாகை மரத்தடி மணலில் போய் நின்றான். பத்தடி தூரம்தான். பக்கத்துக் கடையின் தகரப் பந்தலுக்குக் கீழேயும் நிழல் இருந்தது, ஆனால் உச்சந்தலையில் சூடு இறங்கியது. பொழுதுபட்ட பிறகு வீதியோர மதிலில் கை வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் ஒருத்தி வந்து, “டீச்சர், மதில் வெக்கை அடிக்குது” என்றாள். அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை. ‘நகர வெக்கை’ என்று போடலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

தங்கச்சி, ‘வெக்கை’ பேச்சு வழக்கு. அது பேச்சிலேயே இருக்கட்டும், நூலுக்கு ‘வெம்மை’ இருக்கிறது. வெயில், வெப்பம், வேனில் எல்லாம் ஒரே குடும்பம், உங்கள் கன்னியா வெந்நீரூற்று உட்பட. வெண்மையும் இந்தக் குடும்பம்தான் என்பது என் நெடுநாள் எண்ணம். கொல்லன் உலையில் இரும்பு சிவந்து, கடைசியில் வெள்ளையாகத்தானே ஒளிர்கிறது? வெம்மை முற்றினால் வெண்மை.

இன்னொன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் நல்லியல்பு இழந்து பாலை என்ற படிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம், காடுகாண் காதை. மரம் இழந்து தார் பூசிய ஊரும் இயல்பு திரிந்த நிலம்தான். ‘நகர்ப்பாலை’ என்று வையுங்கள். கடன்வாங்கிய தீவு எதற்கு?

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, வெண்மை–வெம்மை உறவைப் பிள்ளைகள் கேட்டால் பாடமே தலைகீழாகிவிடும். வெயிலைத் திருப்பி அனுப்புவது வெள்ளைதான். புதிதாகப் போட்ட தார், விழும் வெயிலில் ஏறத்தாழ 100-க்கு 5 பங்கைத்தான் திருப்பும், மிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடியில் மத்தியானமும் நடந்துவிடலாம்.

பாலை அழகான சொல்தான். ஆனால் அது வறட்சி. கடலோர நகரத்தின் பிரச்சினை வறட்சி இல்லை. தீவு என்ற பெயருக்குக் காரணமும் உண்டு. ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளை வரைந்தால் நகரத்தைச் சுற்றி அவை வளையம் வளையமாக மூடிக்கொள்ளும், வரைபடத்தில் தீவு தெரிவது போல. நாளைக்கு இணையத்தில் தேடும் பிள்ளைக்கு ‘வெப்பத் தீவு’தானே கிடைக்கும்?

மட்டக்களப்பிலிருந்து:

லூக் ஹவார்டை ஒருவரும் நினைக்கவில்லையே. 1818-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய லண்டன் காலநிலை நூலில் இருக்கிறது: நாட்டுப்புறத்தைவிட நகரத்து இரவு 3.7 பாகை பாரன்ஹைட் கூடச் சூடு, பகலோ 0.34 பாகை குளிர். முகில்களுக்குப் பெயர் வைத்த அதே மனிதர்தான் இவர். இதற்கு மட்டும் பெயர் வைக்காமல் விட்டுவிட்டார்.

விசயம் இரவில்தான் இருக்கிறது. கல்லும் சீமெந்தும் பகலில் குடித்த சூட்டை இருட்டிய பிறகு கக்குகின்றன. வெயில் வானத்திலிருந்து வருவது, புழுக்கம் ஈரத்தால் வருவது. சூடேறிய பொருளிலிருந்து நம்மேல் அடிப்பதற்கு எங்கள் பக்கம் ‘வெக்கை’ என்றுதான் சொல்வோம். அடுப்பு வெக்கை, சுவர் வெக்கை. இந்த நுணுக்கம் ‘வெப்ப’த்தில் இல்லை, ‘வெம்மை’யிலும் இல்லை.

அதோடு ‘திட்டு’ சேருங்கள்: நகர வெக்கைத் திட்டு. ஆற்றில் தெரியும் மணல்மேடும் திட்டு, தோலில் படர்வதும் திட்டு. கோவை அண்ணனின் வளையமும் போகாது, புறாத்தீவும் வராது. ஏச்சுக்கும் அதே சொல்லாயிற்றே என்பீர்கள். கச்சான் என்றால் எங்களுக்கு மேல்காற்று, நிலக்கடலையும் கச்சான்தான். கச்சான் அடிக்குது என்றால் ஒருவரும் கடலை வாங்கப் போவதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

திட்டை ஏற்கிறேன். ‘வெம்மைத் திட்டு’ என்றால் கையெழுத்தே போடுவேன். வெக்கை நூலேறினால் நாளைக்கு எதுவும் ஏறும்.

திருகோணமலையிலிருந்து:

ஐயா, உங்களை மீறிப் போவது எனக்குச் சங்கடம். ஆனால் மட்டக்களப்பும் நானும் வெக்கைத் திட்டு என்கிறோம், கோவை அண்ணன் தீவை விடவில்லை, அச்சகம் இரண்டு தரம் கேட்டுவிட்டது. தலைப்பில் ‘நகர வெக்கைத் திட்டு’, கீழே சின்ன எழுத்தில் ‘நகர வெப்பத் தீவு என்றும் வழங்கும்’. உங்கள் மறுப்பு இழையில் இருக்கட்டும், அடுத்த பதிப்பில் திரும்பப் பேசுவோம்.

எனக்கு இன்னும் தீராதது நிழல். இலை நீரை ஆவியாக்குகிறது. 1 லீற்றர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் யூல் வெப்பம் செலவாகும், அதனால் மரத்தடி குளிர்கிறது. தகரம் வெயிலை மறைக்கிறது, தானும் காய்ந்து கீழே வெக்கை அடிக்கிறது. எங்கள் ஊர்க் கோட்டையில் திரியும் மான்கள் படுப்பது மரத்தடியில். பஸ்ஸுக்கு நிற்கும் சனம் தகரத்தடியில். இரண்டையும் நிழல் என்றே எழுதினால் எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து:

மரத்தடிக்குச் சங்கத்திலேயே ‘தண்ணிழல்’ இருக்கிறது, தங்கச்சி. அதை அப்படியே எடுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து:

சரி ஐயா. தகரத்தடிக்கு?